அவசரப் பிரிவை மறுத்த அருமைநாயகம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் எங்கள் ஆலயத்தில் ஆராதனை முடிந்து போதகர் அறிவிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தார். திருமண அறிவிப்புகளான கல்யாண ஓலைகளையும் பெண்கள் கூட்ட நேரத்தையும் சொல்லிவிட்டு, நம் சபையின் மூத்தவர் அருமைநாயகம் இன்று அதிகாலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், நாளை மாலை அடக்கம் என்றார். எனக்கு முன்வரிசையில் இருந்த இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரு, பத்திரிகையில எழுதுவாரே, அவரா?" என்றார் ஒருவர். "இல்லப்பா, போர்டு சேர்மன்" என்றார் மற்றவர். இருவரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அவரை இந்த இரண்டில் ஒன்றாக மட்டும் அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்துபவளாக வேலைக்குச் சேர்ந்தேன். அதன் கடைசிப் பக்கத்தில் அருமைநாயகம் சார் வாராவாரம் அரசியல் கட்டுரை எழுதினார். சட்டம் படித்தவர். வக்கீல் தொழில் ஒத்துவராமல் எழுத வந்துவிட்டார். இருவரும் தாம்பரத்துக்காரர்கள் என்பதால் மின்சார ரயிலில் அடிக்கடி சேர்ந்து போவோம். அரசாங்கம் எல்லாவற்றிலும் கைவைக்கக் கூடாது, மனிதனுக்குத் தன் வீடும் நிலமும்தான் காவல், ஊர்வலமும் கதவடைப்பும் ஊருக்குச் சோறு போடாது என்பவை அவருடைய வாதங்கள். பழமைவாதி என்று மற்றப் பத்திரிகைகள் எழுதினால் அவருக்குக் கோபம் வராது. "ஆமா, பழமைவாதிதான். புதுசு நல்லதுன்னு நிரூபிக்க வேண்டியது புதுசைக் கொண்டுவர்றவன் வேலை. என் வேலை சந்தேகப்படுறது" என்பார்.

அவருடைய கருத்துகளில் பாதி எனக்கு ஒப்பாது. குழந்தை பெற்ற பெண்கள் அலுவலகம் போவதைக் கண்டித்து ஒருமுறை எழுதியிருந்தார். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அச்சுப்படியைத் திருத்தி அவர் மேஜையில் வைத்துவிட்டு நகராமல் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா ஸ்டெல்லா, பிழை ஏதாவது இருக்கா?"

"எழுத்துப்பிழை இல்ல சார்."

அச்சுப்படியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எழுதினது எழுதினதுதான். ஆனா நீ வேலைய விட்டுடாதே. எனக்கு வேற ஆள் கிடைக்காது" என்றார். நான் சிரித்துவிட்டேன். கட்டுரை ஒரு வரி மாறாமல் வந்தது. நானும் வேலையை விடவில்லை.

அவர் மிகவும் விடாப்பிடியாக எழுதியது நில விஷயத்தில். பொதுக் காரியத்துக்கு நிலம் எடுக்கும்போது உடையவர்களைக் கூப்பிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அவசரம் என்று ஒரு பிரிவைக் குறிப்பிட்டுவிட்டால் அந்த விசாரணையே வேண்டாம். அந்த அவசரப் பிரிவைப் பற்றி அவர் எத்தனை கட்டுரை எழுதியிருப்பார் என்று எனக்கு நினைவில்லை. சில வாரம் ஆசிரியரே, "இந்த வாரமும் நிலமா?" என்று அலுத்துக்கொள்வார்.

எழுபதுகளின் முதல் பாதியில், தெற்குப் புறநகரில் வீட்டுமனைகள் அமைத்து ஒதுக்க அரசு ஒரு வாரியத்தை ஏற்படுத்தியது. அதற்கு முழுநேரத் தலைவராக இருக்கச் சாரைக் கூப்பிட்டார்கள். அலுவலகமே இரண்டுபட்டது. ஆசிரியர் நேருக்கு நேராகவே கேட்டார்: "உங்க வாயை அடைக்கத்தான் குடுக்கறாங்க, புரியலையா?"

"அப்படியும் இருக்கலாம். ஆனா இத்தனை வருஷம் வெளியே நின்னே குத்தம் சொல்லிட்டேன். உள்ளே போய் ஒரு தடவை செஞ்சு பார்க்காம இனிமே எழுத எனக்குக் கூச்சமா இருக்கு" என்றார் சார்.

போனார். அவரை மகானாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அரசாங்கக் கார் அவருக்குப் பிடித்திருந்தது. தோளில் டவாலிப் பட்டை போட்ட பியூன் கதவைத் திறந்துவிடுவதும் பிடித்திருந்தது. அவருடைய மனைவி அமலி டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், கோயிலுக்கு அந்தக் காரில் ஏற மறுத்து நடந்தே வருவார். சார் காரை மெதுவாக விடச் சொல்லி, அவர் பக்கத்திலேயே ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டு வருவார். "அதிகாரிகளோட சுகத்தைப் பத்தி இதுவரை கேள்விப்பட்டுத்தான் எழுதினேன். இப்பதான் தெரியுது, உண்மையிலேயே சுகமாத்தான் இருக்கு" என்று என்னிடமே சொன்னார்.

அடுத்த வருடம் கோவிலம்பாக்கத்துப் பக்கம் மனைகளுக்கு நிலம் எடுக்கும் திட்டம் அவர் மேஜைக்கு வந்தது. அவசரப் பிரிவில் எடுக்கும்படி கேட்டு எல்லாம் தயாராக இருந்தது. தலைவரின் கையெழுத்துதான் பாக்கி. அவர் போடவில்லை. விசாரணை நடக்கட்டும் என்று திருப்பி அனுப்பினார். மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது, மாதக்கணக்கில் தாமதமாகும் என்று திட்டினார்கள். "ஆகட்டும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம்.

எங்கள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். அதற்குள் நான் செய்தி எழுதவும் தொடங்கியிருந்தேன். "நீ போ. எழுதினதுக்கும் செய்றதுக்கும் எவ்வளவு தூரம்னு பார்த்து எழுது" என்றார். மேடவாக்கம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்தேன். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் விசாரணை. முறைப்படி கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவர் வருவாய்த் துறை அதிகாரி. தலைவர் வரவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் சார் வந்து, குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

முதலில் பேசியவர் தனராஜ். எங்கள் சபையைச் சேர்ந்தவர், சாரின் பழைய வாசகர். அங்கே அவருக்குச் சவுக்குத் தோப்பு இருந்தது. சார் தலைவரான பிறகு தன் நிலத்துக்கு ஆபத்தில்லை என்று நம்பியிருந்தார். மரங்களைப் பற்றியும் தன் தகப்பனாரைப் பற்றியும் உருக்கமாகப் பேசினார். ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவர்கள் சிலர் பேசினார்கள். அவர்களுக்குப் பின்னால் எழுந்தவர் பொன்னுரங்கம். மேட்டில் கொஞ்சம் நிலம் வைத்து வேர்க்கடலை போடுகிறவர். அதிகாரியை விட்டுவிட்டுச் சாரைப் பார்த்தே கேட்டார்.

"நீதானே சார் பேப்பர்ல எய்தினது? நெலத்தப் புடுங்கறது தப்புன்னு? என் மச்சான் படிச்சிக் காமிச்சான். அத்த நம்பித்தான் வந்துகிறோம். இன்னா சொல்ற இப்போ?"

எல்லாரும் சாரைப் பார்த்தார்கள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"எழுதினேன்" என்றார். "கேக்காம எடுக்கிறது தப்புன்னு எழுதினேன். அதனாலதான் இன்னைக்குக் கேக்குறோம். எடுக்கவே கூடாதுன்னும் எழுதியிருக்கேன். குரோம்பேட்டையிலயும் பல்லாவரத்துலயும் ஒரே ரூம்ல ஏழெட்டுப் பேர் குடியிருக்கிறதை இந்த வேலைக்கு வந்த பிறகு போய்ப் பார்த்தேன். எடுக்கவே கூடாதுன்னு இப்ப என்னால நிச்சயமா சொல்ல முடியல."

யாரும் கைதட்டவில்லை. தனராஜ் எழுந்து வெளியே போய்விட்டார்.

முடிவு வர இரண்டு மாதமானது. ஏரிப் பாசன வயல்களைத் திட்டத்திலிருந்து நீக்கச் சொல்லி வாரியம் எழுதியது, அரசும் ஏற்றுக்கொண்டது. தனராஜின் தோப்பு போயிற்று. பொன்னுரங்கத்தின் மேட்டு நிலமும் போயிற்று. உத்தரவு கிராமத்துக்குப் போகும் முன்பே சார் காரை எடுத்துக்கொண்டு இருவர் வீட்டுக்கும் போய்த் தானே சொன்னார். தனராஜ் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு வந்தார். பொன்னுரங்கம் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கேட்டுக்கினு எடுத்தாலும் எடுக்கறது எடுக்கறதுதான் சார்" என்றாராம். அதைச் சார்தான் என்னிடம் சொன்னார். மோரைக் குடிக்கவும் முடியாமல், வைத்துவிட்டு வரவும் முடியாமல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

விசாரணையில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்திருந்தேன். ஆசிரியர் அதற்கு 'நிறம் மாறிய நாற்காலி' என்று தலைப்புப் போட்டார். வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. கோடாலிக்காம்பு என்றார் ஒருவர். அரசாங்கத்திலோ, இவரால் காலம் வீணானது என்று பேசிக்கொண்டார்கள். பதவிக்காலம் முடிந்தபோது நீட்டிப்புத் தரவில்லை. காரை ஒப்படைத்துவிட்டு மறுநாள் மின்சார ரயிலில் ஏறியபோது, "உட்கார இடம் பிடிக்கவே மறந்துபோச்சு" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆசிரியர் அவரை மறுபடியும் எழுதக் கூப்பிட்டது எனக்கு ஆச்சரியம். உள்ளே நடந்த ஊழல்களை அம்பலப்படுத்தி ஒரு தொடர் வேண்டும் என்றார். "எனக்குத் தெரிஞ்சவங்க பெரும்பாலும் வேலை செய்றவங்க. அதை எழுதினா உங்களுக்கு விக்காது" என்று சார் மறுத்துவிட்டார். ஒரே ஒரு கட்டுரை மட்டும் கொடுத்தார். பொன்னுரங்கம் சொன்ன அந்த வாக்கியத்தை அப்படியே முதல் வரியாக வைத்து, அதற்குத் தன்னிடம் இன்னும் பதில் இல்லை என்று எழுதியிருந்தார். முதல் வரியை எழுத்துத் தமிழுக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன். "அதைத் தொடாதே. என் வரிகள்ல எதை வேணா வெட்டு" என்றார். அதன் பிறகு உடம்பு முடியாமல் போகும் வரை எழுதினார். பழமைவாதியாகவே எழுதினார். ஆனால் முன்பு அடிக்கடி வரும் 'சந்தேகமில்லை' என்ற சொல்லை அவர் கையெழுத்தில் நான் பிறகு பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அடக்கத்துக்குத் தனராஜ் வந்திருந்தார். இத்தனை காலமாகக் கோயிலில்கூடச் சாரோடு பேசாதவர். மண் போட்டுவிட்டு அமலி டீச்சரிடம் வந்து, "நல்லா எழுதுவான்மா. அந்த வேலைக்குப் போயிருக்கக் கூடாது" என்றார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போகலைன்னா கடைசி வரைக்கும் தான் சொல்றதெல்லாம் சரின்னு நெனச்சிக்கிட்டே இருந்திருப்பாரு. என்னாலதான் குடும்பம் நடத்தியிருக்க முடியாது." தனராஜ் எதிர்பாராமல் சிரித்துவிட்டார். டீச்சரும் சிரித்தார், பிறகு அழுதார்.

அவருடைய கருத்துகளை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. அவரும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். பிறருக்குக் கசக்கும் முடிவை எடுத்தால், அதைத் தபாலில் அனுப்பாமல் அவர்கள் வாசலுக்குப் போய் நின்று சொல்ல வேண்டும் என்பது மட்டும் அவரிடமிருந்து எனக்கு வந்தது. இப்போது பத்திரிகைக்கு வரும் கட்டுரைகளைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. இன்று காலை ஓர் இளம் எழுத்தாளரின் கட்டுரையை நிராகரிக்க வேண்டியிருந்தது. அவர் வீடு சேலையூரில் இருக்கிறது. சாயந்திரம் போகிறேன்.