ஓட்டைப் பையில் ஊறிய புல்

ஊத்துக்குளிப் பக்கத்து மணியனைப் போல அருவருப்புப் படுகிற மனிதர் மாடு வளர்க்கவே கூடாது. சாணி அள்ளினால் முழங்கை வரை மூன்று முறை சோப்புப் போடுவார். டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். பால் கறக்கையில் செவலை மாடு வாலைச் சுழற்றி முகத்தில் அடித்தால், பாதியில் எழுந்து தண்ணீர்த் தொட்டிக்கு ஓடுவார். செவலைக்கு அது தெரியும். தெரிந்துதான் அடிக்கும்.

பகலில் முதலிபாளையத்து பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. மிச்ச நேரத்தில் கொஞ்சம் சோளக்காடு, ஒரு மாடு. போன வருஷம் மாடு இரண்டு. மார்கழிப் பனியில் அறுத்த சோளத்தட்டு காயாமல் பூசணம் பிடித்தது. கோடையில் அதைத்தான் போட்டார்கள். சித்திரையில் பெரிய மாடு படுத்தது, எழவில்லை. கடைசி மூச்சு வரை அதன் தலை மணியனின் மனைவி பழனாயியின் மடியில் கிடந்தது. இன்னொன்று படுப்பதைப் பார்க்கத் தன்னால் ஆகாது, இந்தக் கோடைக்கு நல்ல தீவனம் இல்லையென்றால் செவலையைச் சந்தைக்கு ஓட்டிவிட வேண்டியதுதான் என்று அவள் சொல்லிவிட்டாள்.

கால்நடை முகாமில் ஒரு டாக்டர் வழி சொன்னார். கதிரில் பால் பிடிக்கும்போதே பச்சையாக அறுத்து, பொடியாக நறுக்கி, வெல்லத் தண்ணீர் தெளித்து, காற்றுப் புகாமல் மூடினால் ஊறுகாய் போல ஊறும். கோடை முழுக்க மாடு தின்னும். மணியன் சத்துக்காகச் சோளத்தோடு தட்டைப்பயறும் விதைத்தார். பாதிக் காட்டை முன்னால், மீதியைப் பின்னால். முதல் பாதியை மார்கழியில் அறுத்தார். கம்பெனியில் கழித்துப்போட்ட பெரிய பாலித்தீன் பைக் குவியலைக் கேட்டு வாங்கி, மோசமானதை ஒதுக்கி, நல்லதாகப் பொறுக்கி எடுத்து வந்து அடைத்தார்.

தை கடைசியில் பிரித்ததும் பழனாயி மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிக்கே போய்விட்டாள். செத்த எலி, சாக்கடை, சாயக்கழிவு மூன்றும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திய நாற்றம். கறுப்பாய்க் கொழகொழவென்று இருந்ததில் வெள்ளைப் புழு நெளிந்தது. மணியன் காலையில் தின்ற இட்லியை மறுபடி பார்த்தார். மாட்டுத் தரகர் சாமியப்பன் அந்த நேரம் பார்த்து வந்து, வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

“ஏனுங் மணியண்ணா, இது மாட்டுக்குத் தீவனமுங்களா, இல்ல கருமாதிக்குங்களா?”

செவலை ஒருமுறை முகர்ந்துவிட்டு மணியனைப் பார்த்தது. இன்னொரு தடவை வைத்தால் முட்டுவேன் என்கிற பார்வை.

பழனாயி தரகரிடம், “பங்குனி வரைக்கும் பாக்கறோமுங்க. அப்பவும் இதே நாத்தம்னா நானே கயித்தப் புடிச்சுக் குடுத்தர்றனுங்” என்றாள்.

வாந்தியை அடக்கிக்கொண்டு மணியன் பைகளைக் கழுவினார். மூன்றாம் முறை கழுவி, டீக்கிளாஸைப் போல வெளிச்சத்தில் தூக்கினார். வட்ட வட்டமாக வெயில் முகத்தில் விழுந்தது. ஓட்டைகள். குழந்தை தலையில் மாட்டினாலும் மூச்சு முட்டாதிருக்க வெளிநாட்டுக்காரர்கள் போடச் சொல்லும் ஓட்டைகள். அது இல்லாத பையைக் கழிப்பதுதான் கம்பெனியில் அவர் வேலை. அச்சு பிசகியதும் ஓட்டை இல்லாததும் கலந்து கிடந்த குவியலிலும் கை பழக்கத்தில் ஓட்டை இல்லாததையெல்லாம் ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறது.

“ஓட்டையாப் பாத்துப் பொறுக்கியாந்திருக்கறன் புள்ள.”

“நாளெல்லாம் கழுவறீங்க. அடைக்கறதுக்கு முன்னால ஒருக்காக் கழுவியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமுங்.”

ஒதுக்கிய பைகள் வந்தன. மீதிக் காட்டையும் அறுத்து நறுக்கி, காற்றுப் போக வெறுங்காலால் மிதித்து அடைத்தார். வெல்லத் தண்ணீர் விரலிடுக்கில் பிசுபிசுக்க, ஒவ்வொரு மிதிக்கும் முகத்தைச் சுளித்தார்.

பங்குனியில் பிரிக்கும்போது பழனாயி முன்கூட்டியே மூக்கைப் பிடித்திருந்தாள். சாமியப்பன் கயிறோடு வந்திருந்தார். உள்ளே மஞ்சள் பச்சை. புளித்த மோரும் பழைய கள்ளும் கலந்த வாசனை. மணியனுக்குக் குமட்டியது. செவலை முகர்ந்தது, அடுத்த கணம் தலை முழுவதையும் பைக்குள் விட்டது. ஓட்டை இல்லாத பை. மணியன் பதறி இழுத்து உருவினார். கோபத்தில் அது புளித்த எச்சிலோடு அவர் முகத்தைத் தாடையிலிருந்து நெற்றி வரை ஒரே நக்காக நக்கிவிட்டு, மறுபடி தின்னப் போனது.

சாமியப்பன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

“ஏனுங்க, மூஞ்சி கழுவலீங்களா?”

“இரு புள்ள” என்றார், எச்சில் சொட்டச் சொட்ட. “அது தின்னு முடிக்கட்டும்.”