அரக்கோணத்தில் கிடைத்த நான்காம் புத்தகம்

ஜெயபுஷ்பத்துக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெஷினுக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்தாள் என்றால், அங்கே கால் பெடலை மிதித்துக்கொண்டே இருக்கலாம் என்பதால்தான். சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதும் அவளுடைய வலது கால் பெஞ்சுக்கு அடியில் தன் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருக்கும். அம்மா செல்லம்மாள் அவள் முழங்காலை அழுத்திப் பிடிப்பாள். கையை எடுத்ததும் மறுபடி ஆரம்பித்துவிடும்.

எழுபத்திரண்டில் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த வாடகை லைப்ரரியில் 'வெள்ளிச் சிறகன்' என்ற படக்கதையை மாதாமாதம் வாசித்தாள். பகலில் கடிகாரக் கடையில் வேலை பார்க்கும் ஒருவன், ஊருக்கு ஆபத்து என்றால் முதுகில் தைத்த வெள்ளிச் சிறகை விரித்துப் பறப்பான். மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எதிரிகள் அவனைச் சங்கிலியால் கட்டி, நிலவறையில் இருந்த கண்ணாடித் தொட்டிக்குள் போட்டுப் பூட்டினார்கள். சிறகு நனைந்தால் அவனால் பறக்க முடியாது. தண்ணீர் கழுத்தைத் தொட்டதும் 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள்.

நான்காம் புத்தகம் வருவதற்குள், தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்த அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவள் படிப்பு நின்றது. லைப்ரரிக்காரரும் கடையைக் காலி செய்துகொண்டு பெங்களூருக்குப் போய்விட்டார். ஜெயபுஷ்பம் வேலைக்குப் போனாள், வளர்ந்தாள், தையல் பழகினாள். சிறகன் மட்டும் தொட்டியிலேயே இருந்தான். வேலைக்கு நடுவே அவனை விதவிதமாகக் காப்பாற்றிப் பார்ப்பாள். எதுவும் அவளுக்கே திருப்தியாக இருக்காது.

எண்பத்தைந்தில் அந்தப் படக்கதையை வெளியிட்ட கம்பெனி சிறகன் கதைகளை மறுபதிப்பாகக் கொண்டுவரத் தொடங்கியது. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கடை வைத்திருந்த அஹமது பாஷா முதல் புத்தகத்தைக் கயிற்றில் மாட்டியிருந்ததைப் பார்த்து, அவள் நடுரோட்டிலேயே நின்றுவிட்டாள். அட்டை புதுசு, உள்ளே படங்கள் பழசு. அன்றிலிருந்து மாதா மாதம் வாங்கினாள். பிளாஸ்டிக் உறை போட்டு, துணிமணிக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். கல்யாணம் ஆக வேண்டிய பெண் பொம்மைப் புத்தகம் வாங்குகிறாளே என்று செல்லம்மாள் யாரிடமும் சொல்லாமல் மறைத்தாள்.

நான்காம் புத்தகத்தின் மாதத்தில் பார்சல் வரவில்லை. வேலை விட்டதும் தினமும் போய் நின்றாள்.

"இன்னா பாய், வந்துச்சா?"

"வர்லமா. எனக்கே பேஜாரா கீது. வேலூர்ல கேட்டுப் பாரு, லாங் பஜார்ல கட்டுக்கட்டா எறக்குவானுங்க."

அதற்குள் குடியாத்தத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் சாந்தகுமார், ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க். சனிக்கிழமை மத்தியானம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சனிக்கிழமை கரண்ட் கட்டுக்காகக் கம்பெனிக்கு லீவு. காலையில் தலைக்குக் குளித்து, எடுத்து வைத்திருந்த பச்சைப் புடவையைக் கட்டியதும் ஜெயபுஷ்பத்துக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை.

"வேலூருக்குப் போய்ட்டு பன்னெண்டு மணிக்குள்ள வந்துர்றேம்மா. வளையல் வாங்கணும்."

"இன்னிக்கா?" என்று செல்லம்மாள் கேட்பதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

லாங் பஜாரில் கைவண்டிகளுக்கு நடுவே புகுந்து ஒவ்வொரு கடையாகக் கேட்டாள். இரண்டு கடையில் தீர்ந்துவிட்டது. மூன்றாவது கடைக்காரர், காட்பாடி ஸ்டேஷனில் இருக்கும் என்றார். காட்பாடியில் இல்லை. "அரக்கோணம் ஸ்டேஷன்ல கண்டிப்பா கெடைக்கும், மெட்ராஸ்ல இருந்து நேரா அங்க வருது" என்றார் அந்த ஸ்டால்காரர். அப்போதே திரும்பியிருந்தால் மத்தியானத்துக்குள் வீட்டில் இருந்திருக்கலாம். மெட்ராஸ் பக்கம் போகும் வண்டி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. அது நகர ஆரம்பித்ததும் ஏறிவிட்டாள்.

உட்கார இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. கதவோரம் நின்றுகொண்டு, இப்போது அம்மா வாசல் கழுவுவாள், இப்போது கேசரி கிண்டுவாள் என்று நினைத்துக்கொண்டே வந்தாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடலாம் என்று தோன்றும். ஸ்டேஷன் வரும், போகும்.

அரக்கோணத்தில் புத்தகம் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்துக் குழாயடியில் நின்றபடியே பிரித்தாள். முதல் பக்கத்தில் தொட்டி. தண்ணீர் சிறகன் மூக்கு வரை ஏறியிருந்தது. இரண்டாம் பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு மின்னல் இறங்கித் தொட்டியை உடைத்தது. சிறகன் வெளியே வந்து, சிறகை உதறிக்கொண்டு பறந்துபோனான்.

அவ்வளவுதான். அச்சுப் பிழையாக இருக்குமோ, பக்கம் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று முன்னும் பின்னும் புரட்டினாள். பக்க எண்கள் சரியாக இருந்தன. இத்தனை வருஷம் காத்திருந்தது ஒரு மின்னலுக்கா என்று கோபம் வந்தது. ஆம்பூர் வண்டியில் வரும்போது அந்தக் கோபம் அடங்கவே இல்லை. மீதிக் கதையை வாசிக்கக்கூட மனம் வரவில்லை. வழியில் குடியாத்தம் ஸ்டேஷனைப் பார்த்த பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் ஞாபகம் வந்தது.

ஆம்பூரில் இறங்கி பஸ் ஸ்டாண்டு வழியாக ஓட்டமும் நடையுமாக வந்தவள், குடியாத்தம் பஸ் நிற்கும் இடத்தில் அம்மாவைக் கண்டாள். பக்கத்தில் பட்டுப்புடவையில் ஓர் அம்மாளும் கண்ணாடி போட்ட ஓர் இளைஞனும் நின்றார்கள். பெண்ணைப் பார்க்காமலே கிளம்பிவிட்டவர்களை வழியனுப்பச் செல்லம்மாள் வந்திருந்தாள்.

"இதான் உங்க பொண்ணா?" என்றாள் அந்த அம்மாள், சாந்தகுமாரின் அம்மா ஞானசுந்தரி.

செல்லம்மாள் தலையை ஆட்டினாள். சாந்தகுமார்தான் பேசினான்.

"எங்க போய்ட்டீங்க?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "அரக்கோணம். இந்தப் புக்கு வாங்க."

அவன் கை நீட்டி வாங்கினான். கேலி செய்யப்போகிறான் என்று நினைத்தாள். அவன் பிரித்து வாசிக்க ஆரம்பித்தான். பஸ் வந்ததும் ஞானசுந்தரி அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே படியேறினான். பஸ் வளைவில் திரும்பிய பிறகுதான் ஜெயபுஷ்பத்துக்குத் தன் கை வெறுமையாக இருப்பது உறைத்தது.

செல்லம்மாள் அந்த வாரம் முழுக்க அவளிடம் பேசவில்லை. கம்பெனியில் பக்கத்து மெஷின்காரி ஷஹீன் பானுதான் கேட்டாள்: "மாப்ள போனதுக்கு அழுவுறியா, புக்கு போனதுக்கா?"

"புக்குக்குத்தான்டி. நாலு இல்லாம அஞ்ச எப்படி அடுக்குறது?"

"அப்ப போய் வாங்கிக்கினு வா. இங்க தையல் கோணலாப் போவுது பாரு."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெயபுஷ்பம் குடியாத்தத்துக்குப் பஸ் ஏறினாள். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். பெண் தானாக மாப்பிள்ளை வீட்டுப் படியேறி வந்ததைப் பார்த்த ஞானசுந்தரி, உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சாந்தகுமார் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். பழைய செய்தித்தாளில் அட்டை போட்டிருந்தான்.

"முழுசாப் படிச்சேன்" என்றான். "அந்த மின்னல்தான் ஒத்துக்கவே முடியல. பூட்டின நிலவறைக்குள்ள மின்னல் எப்படி வரும்?"

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். யாரிடமும் சொல்லாத ஒன்று வாய்க்கு வந்தது. "சிறக முதுகுல எதுல தச்சிருப்பாங்க? கம்பிலதான? அந்தக் கம்பிய அவனே உருவிருப்பான். அத வச்சுப் பூட்டத் தொறந்திருப்பான்."

"உருவினா சிறகு போயிருமே."

"போவட்டும். உயிரோட படியேறி வெளிய வருவான்ல."

"அப்புறம் பறக்க மாட்டானா?" என்று சாந்தகுமார் கேட்டான்.

"அதான் எனக்கும் தெரியல. அத யோசிச்சாதான் இருப்புக் கொள்ளல."

உள்ளேயிருந்து ஞானசுந்தரி ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து நங்கென்று வைத்தாள். ஆனாலும் டீ சூடாக இருந்தது.

எண்பத்தாறு ஜூனில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. சாந்தகுமார் இன்னும் இரண்டு புத்தகம் வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். எப்படியும் சாகாதவன் கதையில் தனக்குப் பயமே வரவில்லை என்றான். ஜெயபுஷ்பம் நிறுத்தவில்லை. சிறகன் வரிசை முடிந்ததும் வேறு வீரர்களின் மறுபதிப்புகளைத் தேடத் தொடங்கினாள். குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்தாள். பாஷா கடையில் இல்லையென்றால் லீவு நாளில் வேலூர், வேலூரில் இல்லையென்றால் அதற்கு அப்பால். மகள் பிறந்த பிறகு மகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

எண்பத்தொன்பதில் ஒரு நாள் ஞானசுந்தரியே கேட்டுவிட்டாள்: "அந்தப் பொட்டி ரொம்பிப் போச்சு. இன்னும் இன்னாத்துக்குடி அலையுற?"

ஜெயபுஷ்பம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டின வலது கால் அதற்குள் தரையில் தைக்க ஆரம்பித்திருந்தது.

"வண்டிக்கு நேரமாச்சு அத்த" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.