கறுப்புக் கோட்டுக்குள் அம்மாவின் பெயர்

கொட்டாஞ்சேனையில் அம்மா போகும் கத்தோலிக்கக் கோயிலின் இணையப் பக்கத்தை வெள்ளவத்தையில் இருந்தபடி நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் கிடையாது, குறை சொல்ல மட்டும் ஆட்கள் உண்டு. கோயில் காரியாலயத்து அக்கா தட்டித் தரும் வெறும் எழுத்தை மார்க்டவுன் மாற்றி என்ற மென்பொருள் இணையப் பக்கமாக்கிவிடும். வரியின் தொடக்கத்தில் ஹேஷ் (#) குறி இருந்தால் அது தலைப்பு. ‘இறந்தோருக்காக’ என்ற தலைப்பின் கீழ் வருவதையெல்லாம் கறுப்புக் கோட்டுப் பெட்டிக்குள் போடு, அடுத்த தலைப்பு வந்ததும் பெட்டியை மூடு என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தேன். பெட்டியைப் பங்குச் சுவாமியே பாராட்டினார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்.

பூசையில் இறந்தோரின் பெயர்களை வாசித்து முடித்ததும் சற்று மௌனமாக இருப்பார்கள். பிறகுதான் நோயாளிகளின் பெயர்கள். ஒரு ஞாயிறு அக்கா, பூசையில் வாசிக்கிற பழக்கத்தில், நோயாளிகளுக்கான தலைப்பைப் போடாமல் அந்த மௌனத்துக்கு ஒரு வெற்று வரியை மட்டும் விட்டிருந்தார். மௌனம் அந்த மென்பொருள் சனியனுக்கு விளங்குமா? பெட்டி மூடவில்லை. நோயாளிகளில் முதல் பெயர் என் அம்மாவுடையது.

கனடாவிலிருந்து சித்தி பக்கத்தைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் எடுத்தார். “எப்ப மகன் அடக்கம்?”

அம்மாவின் இதயத்துக்கு ஒப்பரேஷன் செய்தே ஆகவேண்டும், இனித் தள்ளிப்போட்டால் தன்னைக் கேட்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மாதக்கணக்காகக் கெஞ்சி, அதற்கு முதல் நாள்தான் அம்மாவைச் சம்மதிக்க வைத்திருந்தேன். அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போதே போனில் தலைப்பைச் சேர்த்தேன்.

அம்மா கட்டிலில் இருந்தார். அந்தப் பக்கம் திறந்தபடி போன் மடியில் கிடந்தது.

“அது காரியாலயத்து அக்கா ஒரு தலைப்பை விட்டதம்மா. இப்ப சரியாக்கிட்டன்.”

“அவ விட்டதோ, ஆண்டவர் விட்டதோ? நான் ஒப்பரேஷனுக்கு வரேல்ல மகன்.”

விளக்கினேன். பிறகு கத்தினேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் திருத்திய பக்கத்தைக் காட்டினேன். பெட்டி மூடியிருந்தது, அம்மாவின் பெயர் அதற்கு வெளியே இருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“வடிவான பெட்டி. பழைய பக்கத்தையும் வச்சிரு மகன். திரும்ப எழுதுற வேலை உனக்கு மிச்சம்.”



ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கென்று வைத்திருந்த கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அம்மா இன்னும் ஒப்பரேஷனுக்கு ஓம் சொல்லவில்லை. இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தை ஏற்றுமுன் அவர் பெயர் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.