சாவிக்கு முன் ஒரு கார்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்ததும், ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்காரரிடம் அறை வாடகைக்குக் கேட்டுப் போனேன். ஒல்லியான மனிதர். காதிடுக்கில் எப்போதும் ஒரு பென்சில். சாதி, சம்பளம் எதையும் அவர் கேட்கவில்லை. சொந்த ஊர் விலாசத்தை மட்டும் எழுதிக்கொண்டார். அதற்கு ஒரு தபால் கார்டு போடுவாராம். பதில் வந்தால்தான் சாவி தருவாராம்.

அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு வந்தவன் நான். வாய்க்கு வந்த விலாசத்தைச் சொல்லிவைத்தேன். பத்து நாளில் கார்டு திரும்பி வந்துவிட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“முன்ன இந்த ரூம்ல இருந்த புள்ள ஜொரத்துல செத்துப் பூட்டான்பா,” என்றார். “அவன் குட்த்த அட்ரசுக்குத் தந்தி அட்ச்சேன். அப்டி யாருமே இல்லன்னுட்டாங்க. ஒரு நாள் பூரா பாத்துகினு இருந்துட்டு, நான்தான் கொள்ளி வெச்சேன். அவன் அம்மா இன்னும் எங்கியோ காத்துகினு இருப்பா.”

பென்சிலை என்னிடம் நீட்டினார். உண்மையான விலாசத்தை எழுதினேன். அப்பாவின் பதில் வந்தது, சாவி கிடைத்தது.

அமாவாசைதோறும் அவர் என் அறை வாசலில் சோறு வைத்து, அந்தப் பையனின் பெயரைச் சொல்லிக் காக்கையைக் கூப்பிடுவார். விலாசமே பொய் என்றால், பெயர்? நான் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைச் சொல்வதற்கு முன் அவர் சற்றுத் தயங்குவார்.