ரோலாந்தின் முதல் பனிநடை

ரோலாந்துக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. பாதிரியார் கையால் கொடுத்த ரொட்டியைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். அப்படிப்பட்டவளின் புருஷன் சனிக்கிழமைதோறும் வழிகாட்டியோடு பனிநடை போகிறேன் என்று கிளம்பினால் சும்மா விடுவாளா?

சந்தேகத்தில் நியாயமும் இருந்தது. ஃபெர்னான் எங்கள் சாகுனே காட்டில் முயலுக்குக் கண்ணி வைத்து வளர்ந்தவன்.

"மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தர ஆள் வேணுமாடி?" என்று என்னிடம் பொருமினாள். "அந்த வழிகாட்டி மிரேய் இருக்காளே, சின்ன வயசு, சிரிச்ச முகம். எனக்குப் புரியாதா என்ன?"

"புலம்பாதே. நேர்ல போய்ப் பார்த்துடலாம்" என்றேன். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கும் பார்க்க ஆசைதான், மறைப்பானேன்!

அடுத்த சனிக்கிழமை நாங்களும் போனோம். ரோலாந்து நகரத்தில் பிறந்தவள். பூட்ஸுக்கு அடியில் கட்டும் அகலமான பனிமிதியடியை அன்றுதான் முதன்முதலாகக் கட்டினாள். ஒரு காலை மறுகால் மிதிக்க, தொப்பென்று விழுந்தாள். மாதா கோயில் பூசைப் பாத்திரங்களின் பேர்களையே வசவாக ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டினாள். கோபம் வந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். மிரேய் நீட்டிய கையை மட்டும் தொடவில்லை.

ஃபெர்னான் மிரேயின் முதுகை ஒட்டியே நடந்தான்.

"பார்த்தியா? அவ நின்னா நிக்குது, திரும்பினா திரும்புது இந்த மனுஷன்!"

எனக்கும் அது நல்லதாகப் படவில்லை.

புதுப்பனியில் முன்னால் போகிறவர்தான் மிதித்துத் தடம் போட வேண்டும். களைத்ததும் ஒதுங்கி நின்று, மற்றவர்களை முன்னே விட்டுக் கடைசியில் சேர்ந்துகொள்வார். எல்லோரும் முறை வைத்துப் போனோம், மூச்சு வாங்க நான்கூட. ஃபெர்னானின் முறை வந்தபோது மட்டும் மிரேய் சத்தமில்லாமல் தானே முன்னால் போனாள். ரோலாந்து வெடித்துவிட்டாள்.

"ஏம்மா, அவருக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?"

"வேண்டாம் மேடம், நானே போறேனே..."

"அப்படி என்ன கரிசனம் உனக்கு? அவர் முறை, அவர் போகட்டும்!"

ஃபெர்னான் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் போனான். நன்றாகத்தான் நடந்தான். உறைந்த ஓடையருகே பாதை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் போனால் வண்டி நிறுத்துமிடம். வரும்போது அந்தப் பக்கமாகத்தான் வந்திருந்தோம், அந்தத் தடத்தை அதற்குள் புதுப்பனி மூடியிருந்தது. அவன் நின்றான். இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பினான்.

"ரோ, நம்ம வண்டி எந்தப் பக்கம் நிக்குது?"

திட்டுவதற்குத் திறந்த வாயை, அவன் முகத்தைப் பார்த்ததும் ரோலாந்து மூடிக்கொண்டாள். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையின் முகம் அது.

மிரேய் எங்களிடம் மெதுவாகச் சொன்னாள்: "தனியா வந்தா வழி மறந்துபோகுதாம். காட்டுக்கு வராமலும் இருக்க முடியலையாம். வீட்டுல சொல்லிடாதம்மான்னு கெஞ்சிக் கேட்டார்."

ரோலாந்து ஃபெர்னானிடம் போனாள். அவன் காலரில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள். "வலது பக்கம்" என்றாள். தடுமாறித் தடுமாறித் தானே தடம் போட்டாள். அவள் மிதித்த இடத்தில் அவன் மிதித்து வந்தான்.

அவனை வண்டியில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேற ஒருத்தின்னு இருந்திருந்தா, அவ மயிரைப் பிடிச்சு இழுத்தாவது இவரை மீட்டிருப்பேன்டி. இப்ப நான் யாரோட சண்டை போடறது?"