வஜ்ரம் கொதித்த அடுப்பு

நாற்காலிக் காலை ஒட்ட வந்த ஆசாரி இன்று வஜ்ரப் பசை காய்ச்சினார். அந்தத் தோல் வீச்சத்தில், எப்போதோ இடித்துவிட்ட எங்கள் மாட்டுங்கா வீடு அப்படியே எழுந்து வந்தது. யுத்தகாலம். அண்ணா தேயிலைப் பெட்டிப் பலகையைக் கீற்றுக்கீற்றாக அறுத்து, வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, முழ நீளப் பாய்மரக் கப்பலின் விலாச் சட்டங்கள்மேல் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து சுக்கானை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பது என் வேலை. “மாட்டுத் தோல்லேர்ந்து எடுக்கறதுடா அது! என் சமையலுள்ளுக்கு வரப்படாது” என்று அம்மா கத்தியதால், வஜ்ரம் கொதித்ததெல்லாம் பால்கனி மூலையில், தகர டப்பாவில்தான்.

கப்பலை முடித்த கையோடு அண்ணா கடற்படையில் சேர்ந்துவிட்டான். மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அந்த மழைக்காலத்தில் ஈரம் ஏறி, அலமாரிமேல் இருந்த கப்பலின் பக்கப் பலகையொன்று பெயர்ந்து விழுந்தது.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தபோது மாடிப்படிவரை அதே வீச்சம். அண்ணா வந்துவிட்டான் என்று உள்ளே ஓடினேன்.

சமையலறையில், பால் காய்ச்சும் அடுப்பில், அம்மா வஜ்ரத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கப்பலும் பெயர்ந்த பலகையும்.

“ஜலம் உள்ள போயிடப்படாதுடீ” என்றாள், திரும்பாமலே.