பாராட்டத் தெரியாத வீடு

எங்கள் உப்பளங்களில் ஒரு வழக்கம் உண்டு. பாத்தியில் உப்பு எவ்வளவு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தாலும் யாரும் வாய் திறந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டோம். வாரிக் கரையேற்றி, குவித்து, தார்ப்பாய் போட்ட பிறகுதான் பேச்சு. அதற்கு முன்னால் சொன்னால் மழையின் காதில் விழுந்துவிடுமாம். நான் பட்டம் வாங்கியவள், இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் சொல்லமாட்டேன்.

அந்த உப்பை அரைத்து பாக்கெட் போடும் கொட்டகையில் நான் சூப்பர்வைசர். பெண்கள் பிரமாதமாக வேலை செய்தால் "பரவால்ல" என்பேன். அதற்கே, "இன்னாக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள்.

இப்படிப்பட்ட என்னிடம் வளர்ந்த என் மகள், எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு, சென்னை சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றுக்காக ஐந்து பேரை மேய்க்கிறாள். டீம் லீடர்.

போன வாரம் அவளுக்கு டீ கொண்டுபோனபோது லேப்டாப்பில் மேனேஜர் பேசிக்கொண்டிருந்தார். "நீங்க சந்தோஷமா இருக்கீங்களா, கோபமா இருக்கீங்களான்னே உங்க டீமுக்குத் தெரியலையாம். ஒருத்தங்க வேற டீம் கேக்கறாங்க. இப்படியே போனா லீட் பொறுப்ப மாத்த வேண்டி வரும்."

டீ பாதி தட்டில் சிந்தியது. அவர் பேசி முடித்ததும் மகளிடம் விசாரணையை ஆரம்பித்தேன்.

"யாரையாவது திட்டினியா?"

"இல்லம்மா."

"லீவு குடுக்கலையா?"

"குடுத்தேன். பாராட்டலையாம்."

"அதுக்குத்தான் மாசாமாசம் சம்பளம் போடறாங்களே."

"அதையேதாம்மா அவர்கிட்டயும் சொன்னேன்."

விசாரணையை அதோடு முடித்துக்கொண்டேன். குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து மகள் பாராட்டுப் பயிற்சியை என்மேல் நடத்தினாள். "அம்மா, இந்த மீன்குழம்புக்கு நீ எடுத்துக்கிட்ட முயற்சி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குது."

"ஏன், புளி அதிகமா?" என்றேன்.

திங்கட்கிழமை டீம் மீட்டிங். துணி மடிக்கும் சாக்கில் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு பையனிடம் மகள் சொன்னாள்: "போன வாரம் நீங்க அந்தப் பிரச்சினைய சரி பண்ண விதம் ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவன் மெதுவாகக் கேட்டான்: "மேடம், என்னை வேலைய விட்டு அனுப்பப் போறீங்களா?"

"இல்லப்பா. எனக்கு இப்படிச் சொல்லிப் பழக்கமில்ல. இப்பதான் கத்துக்கிறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு பெண்குரல் சொன்னது: "நான்தான் மேடம் வேற டீம் கேட்டது. ஒரு வாரம் உயிரக் கொடுத்து முடிச்சு அனுப்பினேன். நீங்க ஓகேன்னு மட்டும் போட்டீங்க."

"எங்க வீட்ல அதுவே பெரிய வார்த்தைம்மா," என்றாள் மகள். இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். "சரி, சொல்லுங்க. அந்த வாரம் என்னென்ன கஷ்டம் இருந்துச்சு?" அந்தப் பெண் சொன்னாள். நிறையவே சொன்னாள். மகள் குறுக்கே பேசவில்லை.

சாயங்காலம் மேனேஜரிடமிருந்து தகவல் வந்தது. அந்தப் பெண் இதே டீமில் இருக்கிறாளாம். லீட் பொறுப்பை இப்போதைக்கு மாற்றவில்லை, இன்னும் ஒரு மாதம் பார்ப்பார்களாம்.

இன்றைக்கும் உள்ளே மீட்டிங். யாராவது சிரித்தால் எனக்கு மூச்சு வருகிறது. சிரிப்பு நின்றுவிட்டால், மடித்த துண்டையே மறுபடி உதறி மடிக்கிறேன்.